குட்டை தூர்வாரியாயிற்று, அப்புறம்?

காங்கேயம் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் சேர்ந்து மூன்று வருடம் முன்பு ஊர்க் குட்டையைத் தூர்வாரினார்கள், கரையில் இருநூறு மரக்கன்று நட்டார்கள். இப்போது குட்டைக்குள் சீமைக்கருவேலம் திரும்ப வந்துவிட்டது. கன்றுகளில் முக்கால்வாசி காய்ந்துவிட்டன. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் ஊர்க்காரர் ஒருவர் நல்ல தொகை தரத் தயாராக இருக்கிறார். அதை வைத்து நிலைத்து நிற்கிற மாதிரி ஊர் வேலை செய்ய எந்த அணுகுமுறை சரி என்பது கேள்வி.

தம்பி, கன்று காய்ந்ததற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. இந்த வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிற நான் செய்த பெரிய தப்பு ஒன்றை முதலில் சொல்கிறேன். ஈரோடு மாவட்டத்தில் ஒரு ஊரில் போர்வெல் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. நன்கொடை வாங்கி, சுத்திகரிப்பு இயந்திரம் வைத்து, கட்டடமும் கட்டிக் கொடுத்தோம். திறப்பு விழாவுக்கு ஊரே வந்து சாப்பிட்டது. 'குடிநீர் இலவசம்' என்று பெரிய பலகை வைத்தோம். இரண்டரை வருடத்தில் உப்பை வடிகட்டுகிற இயந்திரச் சவ்வு அடைத்துக்கொண்டது. மாற்றக் காசில்லை. அதைவிட, யார் மாற்ற வேண்டும் என்பதே யாருக்கும் தெரியவில்லை. சாவி ஒருவரிடம், மின் இணைப்பு இன்னொருவர் பெயரில், கழிவுநீர் போனது மூன்றாமவர் காட்டுக்குள், அதாவது விளைநிலத்துக்குள். இப்போது அந்தக் கட்டடத்தில் சோளத்தட்டு அடுக்கியிருக்கிறார்கள். குடத்துக்கு ஐந்து ரூபாய் வாங்கி, அதை எழுதிவைக்க அந்த ஊர்ப் பெண்கள் இரண்டு பேரை அமர்த்தியிருந்தால் அது இன்றும் ஓடும். இலவசம் என்று எழுதிய அன்றே அதன் ஆயுளை நாங்களே குறைத்துவிட்டோம்.

அதற்குப் பிறகு எந்த வேலைக்குப் போனாலும் நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: இதை முடித்துவிட்டு நாம் போன பிறகு, யார், எந்தக் காசில், எந்த மாதத்தில் இதைப் பராமரிப்பார்கள்? பதில் இல்லாவிட்டால் வேலையைத் தொடங்குவதில்லை. பங்கேற்பு முறை, வளங்களிலிருந்து தொடங்கும் முறை, வாழ்வாதார முறை, உரிமை வழி என்று பாடப்புத்தகங்களில் பல பெயர்கள் உண்டு. எல்லாம் படிக்க வேண்டியவைதான். ஆனால் இந்த ஒரு கேள்வியைத் தாண்டாத எந்த முறையும் மூன்று மழைக்கு மேல் நிற்பதை நான் பார்த்ததில்லை.

நம் பகுதியிலேயே இதற்குப் பெரிய சாட்சி இருக்கிறது. காலிங்கராயன் வாய்க்கால். பவானி ஆறு காவிரியில் கலப்பதற்குச் சற்று மேலே அணை போட்டு, ஏறக்குறைய 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போய் நொய்யலில் சேர்கிறது. 13ஆம் நூற்றாண்டு வேலை. இன்றும் 15,000 ஏக்கருக்கு மேல் பாய்கிறது. தன் ஆட்களுக்காக வெட்டினான் என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்று அதை வெட்டிய காலிங்கராயர் குடும்பத்தோடு பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குப் போய்விட்டார் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. அது அப்படியே நடந்ததோ இல்லையோ, எழுநூறு வருடமாக இந்தச் சனம் அந்தக் கதையைக் காப்பாற்றி வைத்திருக்கிறதே, அதை நான் பெரிதாக நினைக்கிறேன். பொது வேலை செய்கிறவனிடம் இந்த மண் எதை எதிர்பார்க்கிறது என்று அதில் இருக்கிறது. வாய்க்கால் நின்றதற்குக் காரணம் வெட்டியவர் மட்டுமல்ல. ஒவ்வொரு தலைமுறையும், தண்ணீரை நிறுத்திவைக்கிற அடைப்புக் காலத்தில் இறங்கி மண் வாரியது, கரை கட்டியது, மடை பார்த்தது.

குடிமராமத்து என்ற சொல்லே அதைத்தான், குடிகளே சேர்ந்து பராமரிப்பதைத்தான் குறிக்கிறது. 2017இல் அரசு அந்தப் பெயரிலேயே திட்டம் கொண்டுவந்து, வேலை மதிப்பில் பத்தில் ஒரு பங்கை ஆயக்கட்டுக்காரர்கள் (அந்தத் தண்ணீரில் பாசனம் செய்கிறவர்கள்) உழைப்பாகவோ பொருளாகவோ தர வேண்டும் என்று வைத்தது. என் அனுபவத்தில், அந்தப் பங்கை உண்மையிலேயே ஊர் போட்ட இடங்களில் குளத்துக்குக் காவல் இருந்தது. காகிதத்தில் மட்டும் போட்ட இடங்களில் ஜேசிபி வந்தது, போனது, அவ்வளவுதான்.

சரி, உங்கள் குட்டைக்கு வருகிறேன். சீமைக்கருவேலத்தைத் தரையோடு வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். வேரோடு தோண்டி எடுத்தாலும், ஆடுமாடு நெற்றைத் தின்று சாணத்திலும் புழுக்கையிலும் விதையைப் போட்டுவிடும். சுற்றுவட்டாரத்தில் கருவேலம் இருக்கும்வரை உங்கள் குட்டைக்கு வருடா வருடம் விதை வந்துகொண்டேதான் இருக்கும். அதனால் இதை ஒருமுறை செய்து முடிக்கிற வேலையாகவே நினைக்காதீர்கள். மழைக்குப் பிறகு முழங்கால் உயரத்தில் இருக்கும்போதே கையால் பிடுங்க, வருடத்தில் இரண்டு நாள் ஊர் கூட வேண்டும். நோம்பிக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, முந்தைய ஞாயிறு என்று ஒரு நாளைக் குறித்துவிட்டால் நினைவூட்ட வேண்டியதே இல்லை. திருவிழா அறிவித்துச் சாட்டுப் போட்டவுடன் கோயிலுக்கு வெள்ளையடிக்க யாராவது நினைவூட்டுகிறார்களா?

கன்று காய்ந்ததற்குக் காரணம் எனக்கு இங்கிருந்தே ஓரளவு தெரிகிறது. வைகாசியிலோ ஆனியிலோ நட்டிருப்பீர்கள். உலகச் சுற்றுச்சூழல் நாள் ஜூன் 5ஆம் தேதி என்பதால் எல்லாரும் அப்போதுதான் நடுகிறார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம் பக்கம் வீசுகிற காலம் அது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊரில் ஒரு முழக் கன்று என்ன செய்யும்? காங்கேயம் மழை மறைவுப் பகுதி. வருடத்துக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். நட்டால் புரட்டாசிக் கடைசியில் நட வேண்டும். அதுவும் வெள்வேல், வேம்பு, புங்கன் மாதிரி இந்த மண்ணுக்குப் பழகியவை.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. உங்கள் பகுதியில் கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலம் இருக்கிறது இல்லையா? கொழுக்கட்டைப் புல், நடுவில் வெள்வேல் மரம், சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. வேலிக்குள் காடுகளைப் பிரித்துப் பிரித்து மாட்டையும் ஆட்டையும் மாற்றி மாற்றி மேய்ப்பார்கள். தண்ணீரில்லாத மேட்டாங்காட்டில் காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும் பிழைத்தது இதனால்தான். எந்த நிபுணரும் வந்து சொல்லித்தராத ஏற்பாடு. நிறையப் பேர் ஊருக்குள் நுழைந்ததும் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டுப் பட்டியல் எழுதுகிறார்கள். சனம் என்ன செய்யும், கேட்கிறவர் முகத்தைப் பார்த்து எது கிடைக்கும் என்று தோன்றுகிறதோ அதைச் சொல்லும். "இங்கே எது நன்றாக நடக்கிறது, அதை யார் நடத்துகிறார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். கொரங்காட்டு வேலி கட்டத் தெரிந்த பெரியவர், பத்து வருடமாக ஒரு ரூபாய் தவறாமல் சீட்டு நடத்துகிற அம்மா, மோட்டார் ரிப்பேர் பார்க்கிற பையன், எல்லாரும் வெளியே வருவார்கள். உங்கள் உயிர்வேலிக்கும் கணக்குக்கும் பம்புக்கும் ஆள் அங்கேயே இருக்கிறார்கள்.

அப்புறம், நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டிய இடம். நீங்கள் 'ஊர்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஊருக்குள் யார் யார்? நம் பகுதியில் 'ஊர்' என்றால் ஒன்று, 'காலனி' என்றால் இன்னொன்று. அருந்ததியர் தெரு பெரும்பாலும் குட்டைக்குக் கீழ்ப்புறமோ ஊரின் கடைக்கோடியிலோ இருக்கும். உங்கள் பத்துப் பன்னிரண்டு பேரில் அந்தத் தெருப் பிள்ளைகள் எத்தனை பேர்? கூட்டத்தை மாரியம்மன் கோயில் மண்டபத்தில் போட்டிருந்தால், அவர்கள் வந்து ஓரமாக நின்றிருப்பார்கள், அல்லது வந்தே இருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் போடுங்கள், நூலகத்தில் போடுங்கள், ஒருமுறை அவர்கள் தெருவிலேயே போடுங்கள். நாற்காலி போட்டால் எல்லாருக்கும் போடுங்கள், இல்லையென்றால் எல்லாரும் பாயில் உட்காருங்கள். ஊருக்குள் முணுமுணுப்பு வரும். வரட்டும். தூர்வாரக் கூலிக்கு மட்டும் அந்தத் தெருவைக் கூப்பிட்டுவிட்டு, குட்டையில் தண்ணீர் நின்ற பிறகு அங்கே வராதே என்று சொல்கிற வேலையை சமுதாய வளர்ச்சி என்று அழைக்க எனக்கு மனம் ஒப்பாது. காரியமாகப் பார்த்தாலும் அது நிற்காது. ஊரில் பாதிப் பேருக்குச் சொந்தமில்லாத குட்டையை மீதிப் பாதிப் பேர் எத்தனை நாள் காவல் காப்பார்கள்?

ஊர் வரைபடம் போடும் பயிற்சி ஒன்று உண்டு. தரையில் கோலப்பொடியால் ஊரை வரையச் சொல்வது. அதை ஒரே கூட்டமாகச் செய்யாதீர்கள், மூன்று நான்கு தடவை செய்யுங்கள். ஒரு ஊரில் ஆண்கள் போட்ட படத்தில் கோயில், பால் சொசைட்டி, பஸ் நிறுத்தம், வாய்க்கால் இருந்தன. பெண்கள் போட்ட படத்தில், மில் வண்டி ராத்திரி ஷிப்ட் முடிந்து இறக்கிவிடுகிற இடத்திலிருந்து வீடு வரைக்கும் விளக்கில்லாத முந்நூறு அடி இருந்தது. பொதுக் குழாயில் தண்ணீர் வருகிற நேரமும் இருந்தது, விடிகாலை நாலரை. காலனியில் போட்ட படத்தில் சுடுகாட்டுப் பாதை பாதியில் அறுந்து நின்றது. மூன்றும் ஒரே ஊர்! அந்த ஊரில் முதல் வேலையாக மூன்று தெருவிளக்கு போட்டோம். செலவு சொற்பம். அதற்குப் பிறகு பெண்கள் கூட்டத்துக்கு வர ஆரம்பித்தார்கள். கூட்ட நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பகல் பதினொரு மணிக்குப் போட்டால் வேலைக்குப் போகிற ஒருத்தரும் வர மாட்டார்கள். ஒடிசா, பீகாரிலிருந்து வந்து லைன் வீடுகளில் இருக்கிற குடும்பங்களையும் மறக்க வேண்டாம். அவர்கள் குழந்தைகளும் உங்கள் ஊர்ப் பள்ளியில்தான் படிக்கிறார்கள்.

சாதி மட்டும்தான் பிரிக்கும் என்றும் இல்லை. கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளம் போடும் திட்டம் வந்தபோது நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். 200 கிலோமீட்டர் வாய்க்கால், 2.07 லட்சம் ஏக்கர் பாசனம். கான்கிரீட் போட்டால்தான் கடைமடைக்குத் தண்ணீர் வரும் என்று ஒரு சாரார். கசிவு நீர் நின்றுவிட்டால் எங்கள் கிணறுகள் வறண்டுவிடும் என்று இன்னொரு சாரார். இரண்டு பக்கமும் விவசாயிகள், இரண்டு பக்கமும் உண்மை. ஒருவருக்கு வீணாகப் போகிற தண்ணீர் இன்னொருவருக்குக் கிணற்று ஊற்று. உங்கள் குட்டையிலும் இது உண்டு. ஆழப்படுத்தினால் யார் கிணற்றுக்கு ஊறும், வண்டல் யார் காட்டுக்குப் போகும், கரையை உயர்த்தினால் யார் காட்டில் தண்ணீர் ஏறும்? இதையெல்லாம் வேலைக்கு முன்பே எல்லார் முன்னிலையிலும் பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வண்டலுக்கு வட்டாட்சியர் அனுமதி வாங்காமல் ஒரு வண்டி மண்ணும் வெளியே போகக் கூடாது. நல்ல நோக்கத்தோடு ஆரம்பித்த எத்தனையோ குட்டை வேலை மண் வியாபாரமாக மாறி, ஊரில் பேர் கெட்டுப் போயிருக்கிறது.

பணத்துக்கு வருவோம். மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சியை நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும், முடிந்தால் போய்ப் பார்க்க வேண்டும். 1996 முதல் 2006 வரை ஆர். சண்முகம் அங்கே தலைவர். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் கட்டுகிற மின்கட்டணம் ஊராட்சி வருமானத்தைத் தின்றுகொண்டிருந்தது. முதலில் மரக்கழிவை எரிவாயுவாக்கி மோட்டார் ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு 2006இல் உடுமலை பக்கம் மைவாடியில் ஊராட்சியின் பெயரிலேயே 350 கிலோவாட் காற்றாலை வாங்கினார்கள். ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ரூபாய். அதில் ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம், மீதி வங்கிக் கடன். தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்று, அந்த வருமானத்தில் கடனை அடைத்தார்கள். எல்லாரும் காற்றாலையைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அந்த 40 லட்சம்தான் பெரிதாகத் தெரிகிறது. ஒரு கிராம ஊராட்சி வருடக்கணக்காக மிச்சம் பிடித்து 40 லட்சம் சேர்த்து வைத்திருந்தால்தான் வங்கி மீதியைத் தரும். நாளைக்கே காற்றாலை வாங்க வேண்டும் என்பதில்லை, உங்கள் குழு முதலில் நாலு பேர் பார்க்கிற மாதிரி ஒரு வருடக் கணக்கை வைத்திருக்க வேண்டும்.

பெண்கள் குழுக்களிடமிருந்தும் அதைக் கற்றுக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் அரசு வழியாக சுயஉதவிக் குழுக்கள் தொடங்கியது தர்மபுரியில், 1989இல். வாராவாரம் கூடுவது, சிறு தொகை சேமிப்பது, தங்களுக்குள் கடன் கொடுப்பது, தவறாமல் திருப்புவது, கணக்கெழுதுவது. கேட்க எளிமையாக இருக்கும். முதல் ஆறு மாதம் வெளிப்பணம் ஒரு பைசா வராமல் இதைச் செய்த குழுக்கள் இன்றும் இருக்கின்றன. மானியம் வருகிறது என்று கேள்விப்பட்டு ஒரே நாளில் கூடிய குழுக்கள் மானியம் தீர்ந்ததும் கலைந்தன.

அதனால் பனியன் கம்பெனிக்காரர் தருகிற தொகையை ஒரே தவணையில் வாங்காதீர்கள் என்பது என் யோசனை. மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வைப்பு நிதியில் போட்டு, அதன் வட்டியைப் பராமரிப்புக்கு என்று எழுதிவிடுங்கள். ஊரும் வீட்டுக்கு இவ்வளவு என்று போட வேண்டும், காசில்லாதவர்கள் இரண்டு நாள் உழைப்பைப் போடட்டும். அரசின் நமக்கு நாமே திட்டத்தில் கிராமங்களில் மக்கள் பங்கு மூன்றில் ஒன்று, மீதியை அரசு தரும். நன்கொடையை அந்தப் பங்காகக் கட்டினால் அதே தொகை மூன்று மடங்கு வேலை செய்யும். கூடவே ஊராட்சியின் பொறுப்பும் உள்ளே வந்துவிடும்.

அந்தப் பனியன் கம்பெனி நண்பரிடம் இன்னொரு பேச்சும் பேச வேண்டும், மரியாதையாக, நேராக. ஒரத்துப்பாளையம் அணை உங்களுக்குத் தூரமில்லை. நொய்யல் பாசனத்துக்காக 1992இல் திறந்த அணை, சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிவிட்டது. தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே கேட்கிற நிலை வந்தது. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவு ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்று 2006இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அது நடக்காததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அன்றைக்கு வேலை போனதும் நம் சனத்துக்குத்தான், அதற்கு முன் நிலம் உப்பானதும் நம் சனத்துக்குத்தான். திருப்பூர் பணத்தை வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தொழில் லட்சக்கணக்கான குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. உங்கள் துணி எங்கே சாயமேற்றப்படுகிறது, அந்தக் கழிவு எங்கே போகிறது என்று கேளுங்கள். நல்லவர் என்றால் பதில் சொல்வார், கூட்டிக்கொண்டு போய்க் காட்டவும் செய்வார். ஒரு கையால் குட்டை வெட்டவும் மறுகையால் ஆறு கெடவும் நாம் துணைபோகக் கூடாது.

கொங்கின் வடகிழக்கு விளிம்பில், தர்மபுரி மாவட்டம் சிட்டிலிங்கியையும் சொல்ல ஆசை. 1993இல் ரெஜி, லலிதா என்ற மருத்துவத் தம்பதி ஒரு குடிசையில் மருத்துவம் தொடங்கினார்கள். வெளியூர் நர்சுகளை எதிர்பார்க்காமல், அந்த மலைக் கிராமத்துப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். பிறகு இயற்கை விவசாயிகள் சங்கம் வந்தது, லம்பாடிப் பெண்களின் 'போர்கை' கைத்தையல் வந்தது. இன்றைக்கு அதையெல்லாம் நடத்துவதில் அந்த ஊர்ச் சனத்தின் கை பெரிது. முப்பது வருடம் ஆகியிருக்கிறது. உங்கள் மூன்று வருடம் இந்தக் கணக்கில் என்ன? இப்போதுதான் விதைத்திருக்கிறீர்கள்.

அத்திக்கடவு-அவினாசித் திட்டம் அறுபது வருடத்துக்கு மேல் போராடி 2024 ஆகஸ்ட் 17இல் தொடங்கியது. 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாயில் தண்ணீர் வருகிறது. அந்தப் பட்டியலில் உங்கள் குட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் குழாயை நம்பி நீர்வரத்தை விட்டுவிடாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடமும், எந்த நிலம் யார் பெயரில் என்று சொல்கிற அ-பதிவேடும் பார்த்து, குட்டைக்குத் தண்ணீர் கொண்டுவந்த பள்ளம் எங்கெங்கே போகிறது என்று ஒரு சனிக்கிழமை காலையில் நடந்து பாருங்கள். உங்கள் பிள்ளைகளோடு, எழுபது வயதுக்கு மேல் ஒரு அப்புச்சியையும், காலனியிலிருந்து ஆடு மேய்க்கிற ஒருவரையும் கூட்டிப் போங்கள். படத்தில் இல்லாத வழி அவர்களுக்குத் தெரியும். நடந்துவிட்டு, எந்த இடத்தில் பள்ளம் அடைபட்டிருக்கிறது, அங்கே யார் காடு என்று எழுதுங்கள். அடுத்ததை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.